கொழும்பு வழியாக ஒரு பிக்கோ மெஷின்

ஒரே கல்யாணத்துக்கு, ஒரே அம்மா பெற்ற இரண்டு பேர், இரண்டு விதமான விமானத்தில் போனோம். அண்ணன் அருள்தாஸ், ஏறினால் சிங்கப்பூரில்தான் இறங்குவது என்கிற பெரிய விமானத்தில். நான், கொழும்பில் இறங்கி அங்கே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்து வேறு விமானம் பிடிக்கிற மலிவு டிக்கெட்டில். சிங்கப்பூரில் நர்ஸாக இருந்த எங்கள் தங்கை ரெஜினாவுக்கு அங்கேயே ஒரு தமிழ்ப் பையனோடு கல்யாணம். கவுன் நான் தைத்தது.

இரண்டு டிக்கெட்டுக்கும் இருந்த வித்தியாசத்தை நான் ரூபாயாகப் பார்க்கவே இல்லை. ஒரு பிக்கோ மெஷினாகத்தான் பார்த்தேன். பட்டாபிராம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு தையல் கடை. பிளவுஸ், பாவாடை, கவுன் எல்லாம் என் கைக்கு வரும். புடவைக்கு ஓரம் அடிக்கிற பிக்கோ மட்டும் வராது, அதற்கான மெஷின் இல்லை. வந்த புடவைகளை மூட்டை கட்டி, ரயிலேறி, ஆவடியில் கொடுத்து வாங்கிவர வேண்டும். புடவைக்காரிகள் சும்மா இருப்பார்களா? அடுத்த தடவை அவர்களே நேராக ஆவடிக்குப் போய்விடுவார்கள், பிளவுஸ் துணியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு. இப்படியே போனால் கடையில் நானும் பூட்டும்தான் மிஞ்சுவோம் என்கிற நிலைமை.

அந்த நேரத்தில்தான் ரெஜினா போனில் சொன்னாள். அவள் குடியிருக்கும் அடுக்குமாடிக்குக் கீழே சீனத் தையல்கார அம்மா ஒருவர் தன் பழைய பிக்கோ மெஷினை விற்கப்போகிறாராம். கல்யாணம் வரைக்கும் யாருக்கும் கொடுக்காதீர்கள், என் அக்கா வருகிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். விலையைக் கேட்டேன். இரண்டு டிக்கெட்டின் வித்தியாசத்தை அளந்து வைத்தது போல இருந்தது. யோசிக்கவே இல்லை.

அண்ணன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபோர்மேன் அவர். எதையும் கழற்றிப் பார்த்துத்தான் நம்புவார்.

"நீ டிக்கெட்ட மட்டும் பாக்கற ஸ்டெல்லா. போய்ச் சேர்றதுக்குள்ள இன்னா இன்னா புடுங்குவான்னு பாக்கமாட்டேன்ற. போய்ட்டு வந்து சொல்லு, யாருது சீப்புன்னு."

"சொல்றேண்ணா. பிக்கோ அடிச்சிக்கினே சொல்றேன்."

கிளம்புவதற்கு முன்பு பெட்டியை எடை போட வேண்டும். என் கடைக்கு எதிரே பழைய பேப்பர்க் கடை மாணிக்கம் இருக்கும்போது வேறு எங்கே போவது? ரெஜினா கேட்டிருந்த இட்லிக் குண்டான், ஆவடி மில்லில் அரைத்த மசாலாத் தூள், ஒரு பெரிய டின் நிறைய அச்சு முறுக்கு என்று பெட்டி புடைத்திருந்தது. மாணிக்கம் அதைக் கொக்கியில் மாட்டித் தூக்கினான்.

"இன்னாக்கா, இதுக்கா பயந்துகினு கீற? பதினெட்டுதான் கீது. இன்னும் ரெண்டு கிலோ போடலாம். போட்டுக்கோ."

எனக்கு வாயெல்லாம் பல். இன்னும் கொஞ்சம் மசாலாத் தூள் போட்டேன்.

எங்கள் பக்கத்தில் அப்போதெல்லாம் ஒருவர் விமானம் ஏறினால் தெருவே ஏறின மாதிரி. வேன் பிடித்துக்கொண்டு மொத்தமாக வந்து வழியனுப்புவார்கள். வேன் வாடகையும், வருகிறவர்களுக்கு டிபனும் போகிறவர் தலையில். இது எங்கும் எழுதாத சட்டம், ஆனால் மீறினவர்கள் யாரும் இல்லை. பூந்தமல்லி பாஷா பாய் வேனைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, எனக்குத் தெரியாதவர்கள்கூட இரண்டு பேர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனும் வந்தார். அவருடைய விமானம் அன்றைக்கு ராத்திரிதான்.

காட்டுப்பாக்கம் தாண்டவில்லை, டயர் பஞ்சர். கவுனைக் கவரோடு தோளில் போட்டுக்கொண்டு நான் ரோட்டில் நின்று தவிக்கிறேன். பாஷா பாய் நிதானமாக ஜாக்கியைத் தேடுகிறார்.

"பாய், பிளேன் போயிடப்போவுது பாய்!"

"அது எங்கம்மா பூடும்? வானத்துக்குத்தானே போவும். அந்த வானம் இங்கியும்தான் கீது. இன்னா, கை காட்னா நிக்காது. அவ்ளோதான் வித்தியாசம்."

பயத்திலும் சிரித்துவிட்டேன். இப்படி யாராவது ஒன்று சொன்னால் எனக்கு அன்றைக்கு முழுக்க அது போதும். ஆனால் ஸ்டெப்னியை மாட்டி முடிப்பதற்குள் எதிரே இருந்த ஓட்டலைக் கூட்டம் பார்த்துவிட்டது. டீ என்று ஆரம்பித்தார்கள், பொங்கல் வடையில் போய் நின்றது. காசைக் கொடுக்கும்போது எனக்கு ஓட்டல்காரர் தெரியவில்லை, பிக்கோ மெஷின்தான் தெரிந்தது. அதன் ஸ்டாண்டில் இரண்டு காலை உடைத்து எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

மீனம்பாக்கத்தில் பெட்டியை எடை மேடையில் வைத்தேன். கவுன்டர் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"நாலு கிலோ அதிகம்மா."

"இருக்காதுங்க. எங்க ஊர்ல போட்டப்ப கம்மியாத்தானே இருந்துச்சு."

பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்து, "ஊருக்கு ஊரு கிலோ மாறுமா என்ன?" என்றார்.

கூடுதல் எடைக்கு அவள் சொன்ன தொகையில் மெஷினின் தலையே உருண்டது. பெட்டியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்கள் தெரு நின்றுகொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "எங்க எட போட்ட?"

"மாணிக்கம் கடையில."

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி! மாசா மாசம் பேப்பர் போடும்போது, 'உன் தராசு கம்மியாக் காட்டுது'ன்னு அவன்கூட சண்ட போடறவ நீதானே! அதுலயே போய்ப் பொட்டிய மாட்டியிருக்கியே!"

கூட்டம் சிரித்த சிரிப்பில் காவலுக்கு நின்றவர்கூடத் திரும்பிப் பார்த்தார். உண்மைதான். அந்தக் கொக்கியைப் பார்த்து நான் போடாத சண்டை இல்லை. எனக்குச் சாதகமாகக் காட்டியதும் வாயை மூடிக்கொண்டு சந்தோஷமாக வந்துவிட்டேன்.

"நான் மளிகைக் கடைல போட்டேன்" என்றார் அண்ணன். "அவன் விக்கிறவன். அவன் தராசு கூடத்தான் காட்டும். அதனால என் பொட்டில இன்னும் எடம் கீது. என் டிக்கெட்டுக்குப் பத்து கிலோ ஜாஸ்தி வேற. குண்டானையும் தூளையும் இப்பிடிக் குடு."

கொடுத்தேன். அச்சு முறுக்கு டின்னை யாரும் ஊருக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. அங்கேயே திறந்துவிட்டார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது எல்லார் கையிலும் ஒரு பூ இருந்த மாதிரி இருந்தது.

முதல் விமானத்தில் ஒரு பன், ஒரு மாம்பழ ஜூஸ். பன்னின் காகிதத்தைப் பிரிப்பதற்குள் பெல்ட் போடச் சொல்லிவிட்டார்கள், கொழும்பு வந்துவிட்டதாம். பட்டாபிராமிலிருந்து பாரிமுனைக்குப் போவதற்குக்கூட இதைவிட நேரமாகும்.

அதற்கப்புறம்தான் உட்காரும் படலம். அந்தக் கூடத்தில் காலை வெயில் ஒரு பக்கத்துக் கண்ணாடியில் நுழைந்து, மாலை வெயிலாக மறுபக்கத்துக் கண்ணாடியில் வெளியே போவதை முழுசாகப் பார்த்தேன். ஒரு டீயும் முக்கோணமாக ஒரு மீன் பன்னும் வாங்கினேன். டாலரில் கேட்டார்கள். மெஷினின் பாபின் கேஸ் போச்சு. நல்லவேளை, அண்ணி கொடுத்தனுப்பிய புளிச்சோறு பையில் இருந்தது.

கவுன்தான் பெரிய பாடு. கீழே வைக்க முடியாது, மடிக்க முடியாது. மடியில் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு சிங்களப் பெண்மணி, என் வயதுதான் இருக்கும், வளைகுடா நாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போகிறவர். பெயர் சோமாவதி. வெகுநேரம் என்னையும் கவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை. தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா, மலையகத்துத் தமிழர், நிமிர்ந்து எங்களுக்கு நடுவில் பாலம் போட்டார்.

"ஒங்க கலியாணத்துக்குப் போறீங்களான்னு கேக்குறாங்க."

"எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குன்னு சொல்லுங்கம்மா. இது என் தங்கச்சிக்கு."

சொன்னார். சோமாவதி சிரித்துவிட்டு நீளமாக ஏதோ சொன்னார். அதன் தமிழ் இது: "அப்படியென்றால் ஏன் மூன்றாவது குழந்தையைப் போல மடியில் வைத்திருக்கிறீர்கள்? கொடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன். போய் முகம் கழுவிவிட்டு, காலை நீட்டி நாலு நடை நடந்துவிட்டு வாருங்கள்."

முன்பின் தெரியாதவரிடம் தங்கையின் கல்யாண கவுனைக் கொடுத்துவிட்டுப் போகலாமா? போனேன். திரும்பி வந்தபோது, தன் மடியில் சுத்தமான துண்டை விரித்து அதன்மேல் கவுனை வைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் இன்னும் இரண்டு பெண்கள். கவரின் கண்ணாடித்தாள் வழியாக மணி வேலையை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியும் விரலை வைக்கவில்லை.

புளிச்சோற்றைப் பங்கு போட்டேன். அவர்கள் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் எடுத்தார்கள். எங்கள் ஊர்க் காரம் பெரிய காரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு வாய் சம்பலில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "புளி நல்லாயிருக்காம்" என்று துடைப்பக்கார அம்மா மொழிபெயர்த்தார். "ஆனா மொளகாய வாங்க மறந்துட்டீங்களாம்."

விடைபெறும்போது சோமாவதி சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை. "இந்த மலிவு டிக்கெட்டில் பறப்பது கொஞ்சம், உட்காருவதுதான் அதிகம். ஆனால் பறக்கும்போது யாரும் யாருடனும் பேசுவதில்லையே."

விடியும் நேரத்தில் சிங்கப்பூர். தலை கலைந்து, கால் வீங்கி, கவுனும் நானும் ஒரே மாதிரி கசங்கி வெளியே வந்தால், ரெஜினாவோடு எதிரே நிற்கிறார் அருள்தாஸ் அண்ணன். நேற்றுக் காலை என்னை வழியனுப்பியவர். அதற்கப்புறம் வீட்டுக்குப் போய், மதியம் சாப்பிட்டு, தூங்கி, சாயங்காலம் எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஏறித் திரிசூலத்தில் இறங்கி, பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டி ஏர்போர்ட்டுக்குள் நுழைந்திருக்கிறார். "இவ்ளோ குடுத்து டிக்கெட் வாங்கினவன் வேனுக்கு வேற குடுப்பானா?" என்று கேள்வி வேறு. என்னை அனுப்பிவைத்தவரே என்னை வரவேற்கவும் வந்துவிட்டார்.

டாக்ஸியில் முழுக்க அவர் விமானத்துச் சாப்பாட்டுக் கதைதான். "கோழியா மீனான்னு கேட்டுச்சு அந்தப் பொண்ணு. ரெண்டும்னேன். ஒரு செகண்டு பாத்துச்சு. குடுத்துட்சே! சூடா துண்டு குடுத்தாங்க, மூஞ்சத் தொடச்சிக்க. நான் அத சாப்புடறதுன்னு நெனச்சிக்கினு…"

"தின்னுட்டியாண்ணா?"

"பக்கத்து ஆள பாத்து சுதாரிச்சிட்டேன்." பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்லேட்டும் குட்டியாக ஒரு ஜாம் டப்பாவும் எடுத்து என் கையில் வைத்தார். "உனுக்கு ஒண்ணும் குடுத்துருக்கமாட்டான்னு தெரியும்."

அடுத்த நாள் ரெஜினா எங்களைத் தேக்கா மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனாள். மீன் குழம்போடு ரொட்டி பரோட்டா சாப்பிட்டோம். நம் ஊர்ப் பரோட்டாவின் பட்டணத்துத் தங்கை மாதிரி, மெல்லிசாக, பளபளவென்று இருந்தது. வெளியே வந்து பார்த்தால் கடை கடையாக இட்லிக் குண்டான், மசாலாத் தூள், அச்சு முறுக்கு. நான் நின்றுவிட்டேன்.

"இங்கயே எல்லாம் இருக்கேடி! அப்புறம் எதுக்குடி எங்கள சுமக்க வெச்ச?"

"இதுல நம்ம ஊட்டு வாசன வராதுக்கா" என்றாள். அதற்கு மேல் எப்படித் திட்டுவது?

கசங்கிய கவுனுக்கு நல்ல இஸ்திரி வேண்டும். அந்தச் சாக்கில் கீழ்த்தளத்துத் தையல் கடைக்குப் போனோம். சீன அம்மா ஒல்லியாக, கழுத்தில் அளவு நாடாவோடு இருந்தார். கவுனை வாங்கியதும் முன்பக்கத்தைப் பார்க்கவில்லை. உள்பக்கம் திருப்பி ஒவ்வொரு தையலாகத் தடவிப் பார்த்தார். பிறகு ரெஜினாவிடம் மலாயில் ஏதோ சொன்னார். "இதைத் தைத்தவள் அவசரக்காரி இல்லை" என்றாராம். ரெஜினா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

மூலையில் மெஷின் இருந்தது. மேஜை, மோட்டார் எல்லாம் சேர்த்து. ஒரு துண்டுத் துணியை ஓட்டிப் பார்த்தேன். ஓரம் வரிசையாக, மல்லிகை மொட்டுக் கட்டினது போல விழுந்தது. பர்ஸைத் திறந்து எண்ணினேன். வேன், பொங்கல், வடை, டீ, மீன் பன், மாப்பிள்ளை வீட்டுக்கு வெறுங்கையோடு போகாமல் வாங்கிய பழக்கூடை. மெஷின் முழுசாக இல்லை. ஸ்டாண்டு போயிருந்தது. மோட்டாரும் போயிருந்தது.

அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். 'சொன்னேன்ல' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன். அவர் மெஷினுக்கு அடியில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு என் கடையின் பின்பக்கம் ஞாபகத்துக்கு வந்தது. மழைத் தண்ணீரில் தலை கெட்டுப்போன பழைய மெஷினின் ஸ்டாண்டு அங்கே கிடக்கிறது. காலால் மிதிக்கிற ஸ்டாண்டு. அதன்மேல் செம்பருத்தித் தொட்டி வைத்திருக்கிறேன்.

"ரெஜினா, தலைய மட்டும் குடுப்பாங்களான்னு கேளு. காலு நம்மகிட்ட கீது."

சீன அம்மா கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். தலையை மட்டும் வாங்கிக்கொண்டு போகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறாராம். மோட்டாரையும் மேஜையையும் தானே வைத்துக்கொண்டு விலையைக் குறைத்தார். எண்ணிக் கொடுத்தேன். பஸ்ஸுக்குக் கொஞ்சம் மிஞ்சியது. "மிதி ஸ்டாண்டுல உக்காருமாண்ணா?" என்றேன். "பெல்ட்டு மாத்தணும். உக்கார வெச்சுடலாம்" என்றார் அண்ணன். அதைத்தான் குனிந்து பார்த்திருக்கிறார்.

கல்யாணம் அருமையாக நடந்தது. ரெஜினா கோயில் நடுவில் நடந்து வந்தபோது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை என்று இன்றைக்கும் சண்டை போடுகிறாள். கவுனின் பின்ஓரம் தரையில் சரியாகப் புரள்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும் நாள் வந்தது. ரெஜினா குளியலறையில் வைத்திருந்த எடை மெஷினில் தையல் தலையை ஏற்றினோம். அது வாங்குகிறவர் தராசும் இல்லை, விற்கிறவர் தராசும் இல்லை. ஆகவே உண்மையைச் சொன்னது. இரும்பென்றால் இரும்பு. அதை என் டிக்கெட்டில் கொண்டுபோனால், கூடுதல் எடைக்குக் கட்டுகிற காசில் இன்னொரு மெஷினே வாங்கிவிடலாம். விட்டுவிட்டுப் போனால் மறுபடி ஆவடி ரயில், புடவை மூட்டை.

அண்ணன் சோபாவில் காலை நீட்டி, தான் வாங்கிய டூ-இன்-ஒன் ரேடியோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் எதிரே நின்றேன்.

"அண்ணா…"

"இன்னா?"

"உனக்குத் தெரியும் இன்னான்னு."

"எனக்கு ஒண்ணும் தெர்ல. நான் ஜாஸ்தி காசு குடுத்து ஏமாந்தவன்."

மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் இருந்தார்கள். ஒருவர் விடாமல் எங்கள் பக்கம் திரும்பினார்கள்.

"சரிண்ணா. உன் டிக்கெட்டுதான் நல்ல டிக்கெட்டு. போதுமா?"

"நல்ல டிக்கெட்டுன்னு நானே சொல்லுவேன். சீப்பான டிக்கெட்டு எதுன்னு சொல்லு."

"அத மட்டும் சொல்லமாட்டேன்."

அண்ணன் கொஞ்சநேரம் ரேடியோவைத் தட்டிக்கொண்டிருந்தார். "அப்ப ஒண்ணு பண்ணு. உங்க அண்ணி புடவைக்கெல்லாம் ஆயுசுக்கும் பிக்கோ ஃப்ரீ. சரின்னா எட்த்துக்கினு போறேன்."

"சரி" என்றேன். அண்ணியிடம் மொத்தம் எத்தனை புடவை இருக்கப்போகிறது?

தலையை லுங்கிகளில் சுற்றித் தன் பெட்டியில் வைத்தார். அவருடைய பத்து கிலோ சலுகையும் போதவில்லை. ரேடியோவை வெளியே எடுத்து, அதன் பெல்ட்டை மாட்டி, மாலை மாதிரி கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு விமானம் ஏறினார். நான் மறுபடியும் கொழும்பில் ஒரு வெயிலைப் பார்த்து அனுப்பினேன். சோமாவதி இல்லை. மீன் பன் இருந்தது. அதன் பக்கம் நான் திரும்பவில்லை.

மீனம்பாக்கத்தில் எனக்காக எந்த வேனும் காத்திருக்கவில்லை. வழியனுப்புவதற்குத்தான் தெரு வரும், வந்து இறங்குகிறவருக்கு எலெக்ட்ரிக் ட்ரெயின்தான். பட்டாபிராமில் இறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினால், என் கடை திறந்திருக்கிறது. செம்பருத்தித் தொட்டி தரைக்கு வந்திருந்தது. ஸ்டாண்டில் துரு இல்லை, எண்ணெய் வாசனை வீசியது. அதன்மேல் சிங்கப்பூர்த் தலை கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. முன்னால் அண்ணன். பக்கத்தில் ஃபிலோமினா அண்ணி, கையில் ஒரு பச்சைப் புடவையை விரித்துப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"பாரு ஸ்டெல்லா! டெஸ்ட் பண்றேன்னு எம்பொடவைய இன்னா பண்ணி வெச்சிருக்கார்னு பாரு!"

பார்த்தேன். பிக்கோ, குடித்துவிட்டு நடந்தவன் மாதிரி ஓரத்தில் ஏறி, நடுவில் இறங்கி, மறுபடி ஓரத்துக்கு வந்திருந்தது.

"ஃப்ரீதானே, இன்னாத்துக்குக் கத்தற?" என்றார் அண்ணன்.

எதிர்க் கடையிலிருந்து மாணிக்கம் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, தல எவ்ளோ எட கீது? வேணும்னா போட்டுப் பாக்கலாமா?" என்றான். அவனைப் பார்த்து நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

இப்போது பட்டாபிராமிலிருந்து ஆவடிக்குப் புடவை மூட்டை போவதில்லை. ஆவடியிலிருந்தே இரண்டு பேர் எனக்குக் கொண்டுவருகிறார்கள். வெளிநாடு கிளம்புகிற யாராவது வந்து, எந்த டிக்கெட் எடுக்கலாம் அக்கா என்று கேட்டால், மலிவு டிக்கெட்டே எடுங்கள் என்கிறேன், ஆனால் அண்ணன் ஒருவரை நல்ல டிக்கெட்டில் கூட அழைத்துக்கொண்டு போங்கள்.

அண்ணியோ கல்யாண வீடு, ஞானஸ்நானம், பண்டிகை என்று புடவை எடுத்துக்கொண்டே இருக்கிறார். நேற்றுகூட ஃப்ரீ பிக்கோவுக்கு மூன்று புடவையை மேஜையில் வைத்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். அண்ணனுடைய டிக்கெட் இன்னமும் விலை இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.